உப்புக்காற்று வீசும் ஊரில் அழகான வீடு: வாசகர் கேள்வி பதில்

தொண்டி முதல் வாலிநோக்கம் வரையுள்ள இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வீட்டு அலங்காரம் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பெரும்பாலான கடிதங்களில் ஒரே வருத்தம்தான் இருந்தது. பெருநகர வீடுகளின் படங்களைக் கைப்பேசியில் பார்த்து ஆசையாக வாங்கிய பொருள் நம் ஊர்க் காற்றில் ஓராண்டுகூட நிற்கவில்லை என்பதே அது. ஆகவே, எந்தப் பொருளானாலும் அது உப்பைத் தாங்குமா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே அழகைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

மண்டபம் வாசகி: புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்துக்காக எவர்சில்வர் கால் வைத்த கண்ணாடி டீப்பாயும், பொன்னிற உலோக இலைகள் கொண்ட சுவர் அலங்காரமும் வாங்கினோம். சில மாதங்களிலேயே டீப்பாய்க் காலில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. இலைகளிலிருந்து துரு வடிந்து சுவரும் கறையாகிவிட்டது. துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். இனி எதை நம்பி வாங்குவது?

எவர்சில்வர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல ரகங்கள் உண்டு, அம்மா. மலிவாகக் கிடைக்கும் மேசைக் கால்களும் கைப்பிடிகளும் பெரும்பாலும் 202 என்ற ரகத்தில் செய்யப்படுபவை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய அந்த ரகம் மதுரையில் நன்றாகவே உழைக்கும், மண்டபத்தில் உழைக்காது. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகம் அதைவிட மேலானது என்றாலும், கடலை ஒட்டிய வீட்டில் அதன் மீதும் நாளடைவில் பழுப்புக் கறை படியும். 316 ரகத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்க்கப்படுவதால், உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைப்பதை அது மற்ற இரண்டையும்விட நன்றாக எதிர்த்து நிற்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சில கடைகளில் காட்டும் சோதனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இந்த மூன்று ரகங்களிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொன்னிற இலைகள் சாதாரண இரும்புத் தகட்டின் மேல் பெயின்ட் அடித்தவையாகவே இருக்கும். பற்றவைத்த இடங்களில் பெயின்ட் மெலிந்திருப்பதால் துரு அங்கேதான் தொடங்கும். பொன்னிறம்தான் வேண்டுமென்றால் பித்தளையே நமக்கு உகந்தது. அது கறுக்கும், பச்சை பூக்கும், ஆனால் இரும்பைப் போல அரித்து உதிராது. புளி போட்டுத் துலக்கினால் மீண்டும் பளிச்சென்று வந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் உருளி, செம்பு, தூக்குவிளக்கு, பழைய கதவின் பித்தளைக் குமிழ் என்று தேடத் தேடக் கிடைக்கும். ஓர் அகன்ற உருளியைக் கூடத்தின் ஓரத்தில் வைத்து நீர் நிரப்பிப் பூ மிதக்க விட்டால் அந்தப் பக்கத்துக்கு வேறு அலங்காரம் தேவைப்படாது.

மரத்தில் வாங்குவதாயின் தேக்கு, வேம்பு, பூவரசு ஆகிய மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். பூவரசு நம் கரையிலேயே உப்பு நிலத்தில் வளரும் மரம். அதன் செம்பழுப்பு வைரத்தைப் பார்த்தவர்கள் வெளிநாட்டு மரத்துக்கு ஆசைப்பட மாட்டார்கள். பலகை அலமாரி செய்வதாயின் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) வேண்டும். மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்த பலகை நம் ஈரக்காற்றில் ஓரங்களில் உப்பிவிடும். மரம் எவ்வளவு நல்லதானாலும் கீல்களும் திருகாணிகளும் முதலில் துருப்பிடிக்கும் என்பதால், அவற்றைப் பித்தளையிலோ 316 ரகத்திலோ போடச் சொல்லி ஆசாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இருக்கும் டீப்பாயைத் தூக்கி எறிய வேண்டாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள்; அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு புதிய துருவுக்கு வழி செய்யும்.

கீழக்கரை வாசகர்: எங்கள் பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீட்டைப் புதுப்பிக்கிறோம். கூடத்துச் சுவரின் அடிப்பகுதி இரண்டு மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. ஒருமுறை சிமெண்டு பூசிப் பெயின்ட் அடித்தோம். மறு மழைக்காலத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. இப்போது அந்தச் சுவரைக் கல் போலத் தெரியும் வால்பேப்பரால் மறைத்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். உங்கள் சுவர் தரையிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்த ஈரம் மேலேறும்போது நிலத்திலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. சுண்ணாம்புக் காரை நீராவியை வெளியே விடக்கூடியது. அதனால்தான் உங்கள் பாட்டனார் காலத்தில் சுவர் தானாக உலர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிடுவதால் உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, பருத்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. அதன் மேல் வால்பேப்பர் ஒட்டுவது நனைந்த துணியை நெகிழித் தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பது போன்றது. பூஞ்சையும் வாடையும் பின்னாலேயே வரும். அந்தக் காற்றைச் சுவாசிக்கப் போகிறவர்கள் வீட்டிலுள்ள குழந்தைகளும் பெரியவர்களும்தான்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் ஊர்களில் தெருவை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதால் பழைய வீடுகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்து, மழைநீர் சுவரோரம் நிற்கும் நிலை பல இடங்களில் இருக்கிறது. அப்படியானால் சுவரின் வெளிப்புறத்தில் நீர் வடிய வாய்க்கால் அமைப்பதே முதல் அலங்காரச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் குழாய்க் கசிவையும் சோதித்துவிடுங்கள். பிறகு சிமெண்டுப் பூச்சை ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை கொத்தி எடுத்து, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிச் சேர்த்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். பங்குனி தொடங்கி ஆனி வரையுள்ள வெயிலில் சுவரைத் திறந்தபடியே விட்டு உலர விடுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

நன்றாக உலர்ந்த பின் சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கிடைத்தால் மிக நல்லது. கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது. கலவைக்கும் நனைப்பதற்கும் உவர்க் கிணற்று நீரையும் பயன்படுத்தக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று ஐஎஸ் 456 தரக் குறிப்பு சொல்கிறது. புதிய தூணோ மாடியோ எழுப்பும் எண்ணமிருந்தால் உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டே தொடங்குங்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வரவழைப்பதற்கு ஆகும் கூலி, வால்பேப்பரை அடிக்கடி மாற்றும் செலவை விடப் பெரிதாக இராது என்றே நான் நினைக்கிறேன்.

இனி அழகுக்கு வருவோம். சுண்ணாம்புச் சுவருக்குத் தனியான ஒரு மென்மை உண்டு. பகல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்காமல் பரவும். காவியையோ மஞ்சள் மண்ணையோ சுண்ணாம்பு நீரில் சிறிதளவு கலந்து மூன்று நான்கு தடவை அடித்தால், எந்த நிறுவனத்தின் டெக்ஸ்சர் பெயின்ட்டும் தர முடியாத ஆழம் நிறத்துக்குக் கிடைக்கும். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள். சேதுபதிகள் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட அந்தச் சுவரோவியங்களின் காவிச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்த பிறகு, உங்கள் கூடத்துக்கு எந்த நிறம் வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒரு சுவரை மட்டும் காவி நிறத்தில் விட்டு மற்றவற்றை வெள்ளையாக வைத்தால் போதும். அந்தச் சுவரோரம் உயரமான மர அலமாரியை ஒட்டிப் போடாமல், காற்றுப் போக நான்கு விரற்கடை இடம் விடுங்கள்.

தங்கச்சிமடம் வாசகி: கடல் சார்ந்த அலங்காரமாக என் வரவேற்பறையை அமைக்க விரும்புகிறேன். வெள்ளைப் பவளக் கொத்து ஒன்றும் கடல் விசிறி ஒன்றும் தருவதாகத் தெரிந்தவர் சொல்கிறார். கரை ஒதுங்கியதுதானே, வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கூடாது, அம்மா. கல் பவளங்கள், கரும்பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் அதே அட்டவணையில் உள்ளது. உயிருள்ளதா, இறந்ததா, கரை ஒதுங்கியதா என்ற வேறுபாடு இங்கே செல்லாது, வைத்திருப்பதே குற்றம். முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சில சங்கு, சிப்பி இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு இருப்பதால், இனம் தெரியாத பெரிய சிப்பிகளையும் வாங்காமல் இருப்பது நல்லது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இதில் நம் பங்கு இருக்கிறது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. மீன் குஞ்சு பொரித்து வளர்வது அங்கேதான். தங்கச்சிமடத்தில் வலை வீசுகிறவர்களின் பிழைப்பு அந்தப் பாறையோடு கட்டப்பட்டிருக்கும்போது, அதன் ஒரு துண்டை நம் மேசைமேல் வைத்து அழகு பார்க்க மனம் வராது.

கடலை வீட்டுக்குள் கொண்டுவர அதன் உயிர்கள் தேவையில்லை. கைபட்டுத் தேய்ந்த வலை ஊசி சிலவற்றை வெள்ளைத் துணியின் மேல் வரிசையாகத் தைத்துக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுங்கள். பழைய மீன் பறியை நன்றாகக் கழுவி, வெயிலில் நாற்றம் போக உலர்த்தி, உள்ளே ஒரு சிறிய எல்இடி பல்பைத் தொங்கவிட்டால், இரவில் அதன் பின்னல் நிழல் சுவரெங்கும் விழும். மரத் துடுப்பு ஒன்று இருந்தால் அதைக் கிடையாக மாட்டித் துணி தொங்கவிடும் கழியாக்கலாம். இவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்குங்கள். பழையதுதானே என்று இலவசமாகக் கேட்காதீர்கள்.

தொண்டி வாசகி: வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லை. பனையோலைப் பொருள்களை வைக்க ஆசை. ஆனால் கைவினைக் கண்காட்சி போலத் தோன்றிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

அந்தத் தோற்றம் வருவதற்குக் காரணம், சிறுசிறு பொருள்களைப் பலவாக வாங்கி ஒரே இடத்தில் அடுக்குவதுதான். ஓலைப் பெட்டி பத்து வாங்குவதற்குப் பதிலாக, பெரியதாக ஒன்று வாங்குங்கள். சாயமேற்றாத குருத்தோலையின் இளமஞ்சள் நிறத்துக்கு இணையாக ஒரு கருநீலத் துணியோ காவித் துணியோ அருகில் இருந்தால் பார்வை தானாக நிற்கும். சாயமிட்ட பின்னல் பிடிக்குமென்றால், புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சாவியும் கடிதமும் போட வாசலருகே வையுங்கள்.

வாடகை வீட்டுக்கு நான் பரிந்துரைக்கும் சிறந்த பொருள் நார்க்கட்டில்தான். பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் பின்னிய கட்டில் நம் வட்டாரத்தில் தாத்தாக்களின் படுக்கையாகப் பின்கட்டுக்குப் போய்விட்டது. அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கால்களுக்குக் கறுப்பு நிறமடித்து, மேலே மெல்லிய மெத்தையும் பவானி ஜமக்காளமும் விரித்து, இரண்டு சுங்குடித் திண்டுகளைச் சாய்த்தால் சோபாவின் இடத்தை அது நிறைவாகப் பிடித்துக்கொள்ளும். பின்னலின் வழியே காற்றுப் புகுவதால் வியர்வை தங்காது. பஞ்சு சோபாவைப் போல ஈர வாடையும் வராது. வீடு மாறும்போது இருவர் தூக்கிக்கொண்டு போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும் நாள்களில் ஓலையும் நாரும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், வெயில் தலைகாட்டும்போதெல்லாம் அரைமணி நேரம் வெளியே காட்டி எடுங்கள்.

பனை நம் மாநில மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆகவே, பனங்கட்டையில் இருக்கை செய்ய விரும்புகிறவர்கள் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கும் வைரம் பாய்ந்த விட்டங்களைத் தேடிப் போங்கள். அவற்றின் கருமையான நரம்போட்டத்தை மெருகேற்றினால் மட்டும் போதும், நிறமே பூச வேண்டியதில்லை.

பாம்பன் வாசகர்: காலமான என் தந்தையின் வத்தை கரையில் கிடந்து பழுதாகிவிட்டது. மீண்டும் கடலுக்குப் போகாது என்று ஆசாரியும் சொல்லிவிட்டார். விறகுக்குக் கொடுக்க மனமில்லை. அதன் மரத்தில் சாப்பாட்டு மேசை செய்ய முடியுமா?

முடியும், செய்யுங்கள். மீன்வளத் துறையில் பதிவு இருந்தால் முதலில் அதை முறைப்படி நீக்கிக்கொண்டு, பிறகு பிரிக்கத் தொடங்குங்கள். பிரிப்பதற்கு முன் முழுப் படகையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுத்து வையுங்கள்.

பலகைகளைக் கழற்றியதும் மேசை செய்துவிட முடியாது. மரத்துக்குள் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மெருகு நிற்காது. நல்ல தண்ணீரில் பலமுறை ஊற வைத்து, ஒவ்வொரு முறையும் நீரை மாற்றி, பிறகு நிழலில் சில மாதங்களாவது அடுக்கி உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் போட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். இரும்பு ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள்; செம்பு ஆணி இருந்தால் அப்படியே விடலாம், அதுவே அழகு. நீருக்குள் அமிழ்ந்திருந்த பகுதியில் அடித்த பெயின்ட்டில் சிப்பி ஒட்டாதிருக்க நச்சுப் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால், அதைச் சுரண்டும்போது முகக்கவசம் அணிவதோடு குழந்தைகளை அருகே விடாதீர்கள். உணவு வைக்கும் மேற்பலகைக்கு அந்தப் பகுதியைப் பயன்படுத்தவும் வேண்டாம். நீர்மட்டத்துக்கு மேலிருந்த பலகைகளை மேசைக்கு எடுத்து, பிளவுகளை மெழுகோ பிசினோ வைத்து அடைக்காமல் மேலே தடித்த கண்ணாடி போட்டுவிட்டால் துடைப்பதற்கும் எளிது, மரமும் அப்படியே தெரியும். படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏரா மரம் தடித்து நீண்டிருப்பதால் மேசையின் கால்களுக்கோ ஒரு நீண்ட இருக்கைக்கோ பொருந்தும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அணியத்தை அறுக்காதீர்கள். அந்த முன்பகுதியை முழுதாக நிமிர்த்திச் சுவரோரம் நிறுத்தி, உள்ளே மூன்று தட்டுகள் போட்டால் அது கூடத்தின் அலமாரியாகும். தந்தையார் எழுதி வைத்த பெயரோ பொட்டோ அதில் இருந்தால், நிறம் மங்கியிருந்தாலும் மேலே புதிதாகத் தீட்ட வேண்டாம்.

இராமநாதபுரம் வாசகர்: தரைக்கு ஆத்தங்குடி கல் பதிக்கலாமா, வழுவழுப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் போடலாமா?

கூடத்துக்கு ஆத்தங்குடி, சமையலறைக்கும் குளியலறைக்கும் வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியின் வழுவழுப்பே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. எலுமிச்சையும் புளியும் ஆசிட் கலந்த கழுவு நீரும் அதன் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால்தான் சமையலறைக்கு வேண்டாம் என்கிறேன். கீழிருந்து ஈரமேறும் தரையில் பதித்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். எனவே பதிப்பதற்கு முன் அடியில் ஈரத்தடுப்பு அமைக்க வேண்டும். அறை முழுவதும் பூ வடிவம் போடாமல், நடுவில் ஒரு பாய் அளவுக்கு மட்டும் பூக்கல்லும் சுற்றிலும் வெறும் சிவப்பும் பதித்தால் இன்றைய எளிய மரச்சாமான்களோடு நன்றாக இசையும்.

தேவிபட்டினம் வாசகி: எவ்வளவு அலங்கரித்தாலும் இரவில் எங்கள் கூடம் மருத்துவமனை போல இருக்கிறதே, ஏன்?

பல்பின் அட்டையில் 6500 கே (கெல்வின், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று இருக்கிறதா பாருங்கள். அது நீலம் கலந்த வெண்ணொளி. 2700 அல்லது 3000 கே என்று எழுதிய பல்புகளாக மாற்றி, கூரையில் ஒன்றாக எரியாமல் மூலைக்கு ஒன்றாகத் தாழ வையுங்கள். வேறு எதையும் மாற்றாமலே வேறுபாடு தெரியும்.

ஏர்வாடி வாசகி: தொட்டிச் செடிகள் எல்லாம் இலை நுனி கருகிச் சாகின்றன. எங்கள் வாசலுக்கும் கூடத்துக்கும் எது வளரும்?

கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் கிணற்று நீரின் உவர்ப்பாக இருக்கும். ஊற்ற ஊற்ற உப்பு தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். வாசலில் கச்சான் (தென்மேற்குக் காற்று) நேராக அடிக்கும் பக்கத்துக்குக் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் தாங்கும். அரளியும் தாங்கும்; ஆனால் அது நஞ்சு என்பதால் சிறு குழந்தைகளும் ஆடுகளும் உள்ள வீட்டில் வைக்காதீர்கள். கூடத்துக்கு மருளும் கற்றாழையும் போதும். நெடிய மருள் இலைகளை மானாமதுரை மண்தொட்டியில் தனியாக நிறுத்தினாலே ஒரு மூலை நிறைந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். தொட்டியின் அடித்துளையை அடைக்காமல், மழை பெய்யும் நாள்களில் எல்லாத் தொட்டிகளையும் முற்றத்துக்கு எடுத்துப் போய் மழைநீர் அடிவழியே ஓடும்வரை நனைய விடுங்கள். சேர்ந்த உப்பு அதோடு கழுவிப் போய்விடும். மாடியில் விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் தை, மாசி வரை உள்ளறைச் செடிகளுக்கு அதையே ஊற்றலாம்.